புதுப்பிப்பு: பியாங்கா டெல் ரியோ ஷோ பாத்தாச்சு

பொண்ணு வேஷம் கட்டி மேடைல காமெடி பண்ற டிராக் கலைஞர் பியாங்கா டெல் ரியோ ஷோவுக்கு முன் வரிசை டிக்கெட் எடுக்கலாமா, மேடைலேர்ந்து நம்மள வறுத்தெடுத்துடுவாங்களான்னு கேட்டிருந்தேன்ல, நேத்து ராத்திரி லண்டன்ல போய் பாத்துட்டு வந்துட்டோம். ஆமா, வறுக்கத்தான் செய்யறாங்க! பக்கத்துல இருந்த ஒருத்தரோட சட்டைல ஆரம்பிச்சு கூட வந்தவர் வரைக்கும் விடல, அவரு என்னடான்னா கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாரு.

கிட்டத்துல பாக்கணும்னா அந்தக் கண்ணு மேக்கப்ப பாக்கணும், கண்ணுக்குக் கீழ வெள்ளைய நல்லா இழுத்து, கோமாளி மாதிரி பெரிய இமை ஒட்டி, கடைசி சீட்டுக்கும் முகபாவம் தெரியும். நிஜப் பேரு ராய் ஹேலாக், நியூ ஆர்லியன்ஸ்ல நாடகங்களுக்கு டிரெஸ் டிசைன் பண்ணவர், அதான் கவுன் அவ்ளோ கச்சிதமா உக்காருது. 2014ல ரூபாலோட டிராக் ரேஸ்ங்கற அமெரிக்க டிவி போட்டில ஜெயிச்சாரு, 2019ல லண்டனோட பெரிய அரங்கான வெம்ப்ளி அரீனால முக்கிய கலைஞரா ஷோ பண்ண முதல் டிராக் கலைஞரும் இவர்தான். டான்ஸ், லிப்சிங்க் (ஓடற பாட்டுக்கு வாயசைக்கறது)னு எதையும் நம்பாம வெறும் மைக்கும் வாயும் வெச்சே அங்க போய் நின்னிருக்காரு, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பச்சையா பேசுவாங்க, வீட்டுப் பெரியவங்கள கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே சொல்லிடுங்க. மத்தபடி முன் வரிசை தாராளமா எடுங்க.