ஐஸ்லாந்து வீட்டுச் சமையலறையில் பிறந்தநாள்: போய் வந்தவர்களின் அனுபவம்

நெய்தோசை:

ஜூனில் வீட்டுக்காரருக்கு 50 வயது. ஹோட்டலில் மேசை பிடித்து, கேக் வெட்டி, படம் எடுத்துக்கொள்வதில் அவருக்கும் ஆசையில்லை, எனக்கும் இல்லை. தலைநகர் ரேக்யவிக்கில் ஒரு அம்மா தன் வீட்டு அடுப்படியிலேயே விருந்தாளிகளைக் கூட நின்று சமைக்க வைத்துச் சாப்பாடு போடுகிறார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எங்கள் குடும்பம் மட்டும், வேறு ஆள் கிடையாது என்று பேசி ஏற்பாடு செய்துகொண்டோம். முன்னதாக அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஊர் சுற்ற வருகிறவர்களுக்குப் போடும் சாப்பாடா, வாரநாளில் நாங்கள் சாப்பிடுகிறதா?" இரண்டாவதுதான் வேண்டும் என்று எழுதினேன். இந்தத் திரியைப் படிக்கிறவர்களும் அதையே சொல்லுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நமக்கு அது யாரும் சொல்லாமலே வரும். பெயர் விஷயம்தான் எனக்குச் சிக்கல். அங்கே குடியரசுத் தலைவரைக்கூட முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பா பெயரோ அம்மா பெயரோ பின்னால் வரும். நம் இனிஷியலைப் பற்றிச் சொன்னதும் அந்த அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ஆனாலும் 60 தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை "இங்க பாருங்க", "சொல்லுங்க" என்றே ஒப்பேற்றினேன்.

முதலில் கொறிக்க ஹார்த்ஃபிஸ்குர் வைத்தார். காற்றில் காய வைத்த மீன். நார் நாராகப் பிய்த்து, மேலே வெண்ணெயைத் தடிமனாகத் தடவி மெல்ல வேண்டும். தாடை வலிக்கும். பையன் ஒரு துண்டோடு ஒதுங்கிவிட்டான், அவன் அப்பா கிண்ணத்தைக் காலி செய்தார்.

அன்றைய பெரிய வேலை ப்ளொக்ஃபிஸ்குர். ஐஸ்லாந்து என்றாலே காட் மீன் என்று நினைத்துக்கொண்டு போவோம். காட் கப்பலேறும், வீட்டுச் சட்டிக்கு ஹேடக் வரும், அதுதான் அங்கே பழைய வழக்கம். மீனையும் உருளைக்கிழங்கையும் தனித்தனியாக வேக வைத்தோம். வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, மைதா தூவி, பாலும் மீன் வெந்த தண்ணீரும் விட்டுக் கெட்டியாக்கி, அதில் மீனையும் கிழங்கையும் உதிர்த்துப் போட்டுக் கிளற வேண்டும். மீன் உதிர்க்கும் வேலை பிறந்தநாள்காரருக்கு. ஒரு முள் அகப்பட்டாலும் தட்டு கழுவுவது அவர்தான் என்று அந்த அம்மா மிரட்டி வைத்ததில் மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளை மிளகுத்தூளை, போதும் என்று நான் நினைத்த இடத்தில் அந்த அம்மா நிறுத்தவே இல்லை. காரம் தேடிப் போகிறவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். நல்ல மீன், நல்ல வெண்ணெய், மிளகு. ருசிக்கு வேறெதுவும் இல்லை. தொட்டுக்கொள்ளக் கறுப்பாக, ஈரமாக, இனிப்பாக, ரை என்ற தானியத்தில் செய்த ஒரு ரொட்டி. அதோடு சேர்த்துச் சாப்பிடும்போதுதான் அந்தக் கலவைக்கு உப்பும் இனிப்பும் சரியாகப் பொருந்தி வருகிறது. இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் பொன்னுகொகுர், மெல்லிய பான்கேக். அதற்கென்றே கைப்பிடி வைத்த தட்டையான சின்னக் கல் இருக்கிறது. அதற்குச் சோப்புப் போடுவதில்லை, வேறெதையும் அதில் சுடுவதுமில்லை, நம் வீட்டுத் தோசைக்கல்லைப் போலத்தான். உருக்கிய வெண்ணெய் மாவிலேயே கலந்திருப்பதால் கல்லில் எண்ணெய் தடவ வேண்டாம். கரண்டியால் தேய்க்கவும் கூடாது, மாவை ஊற்றிக் கல்லைச் சுழற்ற வேண்டும். தேய்த்துப் பழகிய கைக்கு அது லேசில் வராது. மாவில் ஏலக்காய் எசன்ஸ் விட்டிருந்தார். அந்த வாசனை வந்ததும் பையன் ஓடி வந்தான்.

கேக்குக்குப் பதிலாக ஓட்ஸும் வெண்ணெயும் பிசைந்து, நடுவில் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டின் ஜாம் வைத்துச் சுட்ட பணியாரம். பெயர் ஹ்யோனபந்ஸ்ஸைலா. ருபார்ப் அவர் தோட்டத்தில் அந்த வாரம் வெட்டியது. மெழுகுவத்தி ஏற்றும்போது இரவு ஒன்பதுக்கு மேல். ஜன்னல் வழியாக வெயில் நேராக மேசையில் விழுந்து சுடரே தெரியவில்லை. அந்த அம்மா எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டு வந்து பாடினார். மெட்டு நமக்குத் தெரிந்த அதே ஹேப்பி பர்த்டே மெட்டு, வார்த்தைகள் அவர்களுடையவை.

ஒரு சந்தேகம் பாக்கி. அலமாரியில் கறித்தூள் டப்பா பார்த்தேன். எங்களுக்காக வாங்கினீர்களா என்றால், எப்போதும் இருப்பதுதான் என்றார். ஐஸ்லாந்து வீட்டில் அது எதற்கு என்று இங்கே யாருக்காவது தெரியுமா?

வடகாற்று:

நான் வேலை காரணமாக ரேக்யவிக்கிலேயே இருக்கிறேன். அந்த டப்பா உங்களுக்காக இல்லை. க்யொத் இ கர்ரி என்று ஆட்டுக்கறியை வேக வைத்து, அந்தத் தண்ணீரில் கறித்தூளும் மாவும் கரைத்து மஞ்சளாக ஒரு சாறு செய்து சோற்றோடு சாப்பிடுவார்கள். தலைமுறைகளாக வீடுகளில் இருக்கும் சமையல் அது. சக ஊழியர் ஒருவர் எனக்கு அதைப் பாசத்தோடு பரிமாறி, "உங்கள் ஊர் மாதிரி இருக்கிறதா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

உங்களவருக்கு 50 என்றதும் அந்த அம்மா கூடுதலாக மெனக்கெட்டிருப்பார். முப்பது, நாற்பது, ஐம்பது என்று பத்துப் பத்தாக வரும் பிறந்தநாள்கள் இங்கே பெரிய விசேஷம். பிறந்தநாள்காரர்தான் எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். ஆட்கள் நிறைய என்றால் ப்ரொய்த்தெர்த்தா வரும்: ரொட்டியை அடுக்கி, நடுவில் மயோனைஸ், முட்டை, இறால் வைத்து, மேலே அலங்கரித்த கேக் வடிவப் பண்டம். முதல் தடவை க்ரீம் கேக் என்று நம்பி வாயில் வைக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கறுப்பு ரொட்டி ரூக்ப்ரொய்த். லொய்கர்வாட்ன் ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்றுச் சூட்டில், மண்ணுக்குள் பானையைப் புதைத்து 24 மணி நேரம் வேக விட்டு எடுப்பதைப் பார்க்கலாம். வீடுகளில் மாவைக் காலிப் பால் அட்டைப்பெட்டியில் ஊற்றி, குறைந்த சூட்டில் ராத்திரி முழுக்க ஓவனில் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் ருசி.

இன்னொன்று. குழாயில் வெந்நீர் வருகிறதே என்று அதைப் பிடித்துச் சமைக்காதீர்கள். பூமிக்கடியிலிருந்து வருவது, கந்தக வாடை அடிக்கும். சமையலுக்கும் குடிக்கவும் குளிர்ந்த குழாய்தான். அதை வடிகட்ட வேண்டாம், பாட்டிலும் வாங்க வேண்டாம்.

தயிர்சாதம்:

அம்மாவுக்கு 60 நிறைந்தபோது போனோம். அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். ஐஸ்லாந்தில் சைவமா என்று ஊரே சிரித்தது. நாங்கள் போன வீட்டில் ஃப்ளாத்கொகுர் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ரை மாவில் வட்டமாக இட்டு, எண்ணெய் இல்லாமல் சூட்டில் அங்கங்கே கருகச் சுடுவது. வழக்கமாக அதன்மேல் புகையில் வாட்டிய ஆட்டுக்கறி வைப்பார்கள், எங்களுக்கு வெண்ணெயும் வெள்ளரியும். அம்மா மாவு இட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கட்டையை அம்மாவிடமே கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். தக்காளி, வெள்ளரி எல்லாம் நிலத்தடிச் சூட்டில் இயங்கும் கண்ணாடிக் குடில்களில் அங்கேயே விளைகிறவை.

கவனம்: ஸ்கிர் என்று கெட்டித் தயிர் மாதிரி ஒரு பால் உணவு இருக்கிறது, அதைத் தயிர் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். முறைப்படி அதில் பாலைத் திரைய வைக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. கண்டிப்பான சைவம் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். க்ளெய்னுர் என்ற ஏலக்காய் போட்ட முறுக்கிய பலகாரத்தைச் சில வீடுகளில் மிருகக் கொழுப்பில் பொரிப்பார்கள், முட்டையும் சேரும். பான்கேக்கும் அம்மாவுக்கு ஆகாது. நெய்தோசை, அந்த ஓட்ஸ் பணியாரத்தில் முட்டை உண்டா?

மார்கழிப்பனி:

என் பிறந்தநாள் ஜனவரிக் கடைசியில். காலை பத்து மணிக்குத்தான் வெளிச்சம் வரும். இருட்டு பிடிக்காதவர்கள் அந்த மாதம் போகாதீர்கள். எனக்குப் பிடித்தது. நான் போன வீட்டில் க்யொத்சூப்பா வைத்தோம்: எலும்போடு ஆட்டுக்கறி, மஞ்சள் டர்னிப், கேரட், கிழங்கு, கோஸ், காய்ந்த மூலிகை. மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும் என்று மீதியை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். உண்மைதான்.

அது பழைய ஐஸ்லாந்து நாட்காட்டியின் தொர்ரி மாதம். பழைய காலத்துப் பதப்படுத்திய உணவுகளைச் சாப்பிடும் பருவம். அங்கே உப்பு அரிதாக இருந்ததால் இறைச்சியைப் புளித்த மோர்த்தெளிவில் ஊறப்போட்டு வைத்தார்களாம். நொதித்த சுறாவையும் நீட்டினார்கள். அமோனியா வாடை மூக்கில் ஏறும். விருந்து வைத்தவரே அதை ஆசையாகச் சாப்பிடவில்லை, எனக்குக் காட்டத்தான் வாங்கியிருந்தார். கடியுங்கள், படம் எடுங்கள், சூப்புக்குத் திரும்புங்கள்.

நெய்தோசை:

@வடகாற்று, கறித்தூள் கதைக்கு நன்றி, வீட்டுக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். @தயிர்சாதம், எங்களுக்குச் செய்ததில் முட்டை போட்டார். சில வீடுகளில் போடாமலும் செய்வார்களாம், அதனால் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். ஒயின் வேண்டும் என்கிறவர்கள் சாயங்காலத்துக்குள் அரசுக் கடையில் வாங்கிவிடுங்கள். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் அது இருக்காது.