சேத வீதமா, செப்பனிடு வீதமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புதைகுழாய்களில் நிலநடுக்கப் பாதிப்பைக் கணிக்கும் கட்டுரையில் வரும் ‘ரிப்பேர் ரேட்’டுக்குத் தமிழில் ‘சேத வீதம்’ போதும் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார்கள். எளிய சொல்தான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை.

இந்த வீதம் சேதத்தை எண்ணுவதே இல்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயின் சேதத்தை யார் பார்த்தார்கள்? சாலையில் நீர் கொப்பளிக்கிறது. வால்வை அடைத்துக் குழி தோண்டுகிறார்கள். மூட்டு இரண்டு விரல் அகலத்துக்கு விலகிக் கிடக்கிறது. கிளாம்ப் மாட்டி மூடிவிட்டு, தெரு, விட்டம், வார்ப்பிரும்பா பிவிசியா, தேதி என ஒரு சீட்டில் குறிக்கிறார்கள். அந்தச் சீட்டுகளை எண்ணிக் குழாயின் நீளத்தால் வகுத்தால் வருவதுதான் இந்த வீதம். 400 கிலோமீட்டருக்கு 60 சீட்டு என்றால் கிலோமீட்டருக்கு 0.15. மக்கள் கைவிட்டுப் போன குடியிருப்பில் எவரும் குழி தோண்ட மாட்டார்கள். குழாயெல்லாம் நொறுங்கியிருந்தாலும் சீட்டு ஒன்றுகூட இராது. அதைச் ‘சேத வீதம் பூஜ்யம்’ என்று எழுதலாமா?

‘மராமத்து வீதம்’ எனக்கு மிகவும் பிடித்தது. குடிமராமத்து ஊரறிந்த சொல். ஆனால் ஏரி தூர்வாருவதும் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதும் மராமத்துதான். உடைந்ததைச் சரிசெய்வது என்ற குறிப்பு அதில் நழுவிவிடுகிறது.

ஆகவே ‘செப்பனிடு வீதம்’ என்பேன். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் மண் குழம்பாகிப்போன இடங்களில் கல்நார் சிமெண்ட் குழாய்கள் மோசமாக அடிபட்டன, பாலிஎத்திலீன் குழாய்கள் நன்றாகத் தாங்கின. செப்பனிட்ட இடங்களின் கணக்கிலிருந்து தெரிந்தது இது. அதே கணக்கைக் கொண்டுதான் வேறொரு நகரம் நாளை செப்பனிடும் இடங்களையும் கணிக்கிறார்கள். நேற்றையும் நாளையையும் ஒருசேரச் சுமக்கும் அளவுக்குக் காலங்கரந்த பெயரெச்சமான வினைத்தொகையைவிடப் பொருத்தமானது எது?

இன்னொன்று. பேரிடர் இழப்பைக் கணிக்கும் அமெரிக்காவின் ஹேசஸ் முறையில், அதிர்வலையால் வரும் பழுதுகளில் 80 சதவீதம் ‘லீக்’, 20 சதவீதம் ‘பிரேக்’. நிலமே பெயர்ந்துவிட்டால் விகிதம் தலைகீழ். முதலாவது கசிவு, அதில் சிக்கலில்லை. இரண்டாவதற்கு ‘உடைப்பு’ வேண்டாம். தண்ணீர் பீய்ச்சியடிக்கும் சிறு ஓட்டையையும் செய்தித்தாள்கள் ‘குழாய் உடைப்பு’ என்றே எழுதுகின்றன. இங்கே குழாய் இரண்டாக அற்று, அந்தத் தெருவுக்கு நீரே போகாத நிலை. ‘முறிவு’ என்று வைத்துக்கொள்வோம். மாற்றுச் சொல் இருந்தால், வரைபடங்களில் எழுத்துப் பொறிக்கும் முன் சொல்லுங்கள்.