ஈஸ்டர் இரவுப் பூசைக்குப் பிள்ளைகளின் உடுப்பு: எளிமைக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே

தூத்துக்குடி_அப்பா (கேள்வி):
மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு நாலு. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10-லேயே வந்துவிடும். தவக்காலம் முழுக்க ஒறுத்தல், தர்மம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கடைசி வாரம் ஜவுளிக்கடையில் அள்ளினால் சொன்னதெல்லாம் வீண். அதற்காகப் போட்டுத் தேய்ந்ததை மாட்டிக் கூட்டிப்போனால் உயிர்ப்பு விழாவும் மற்ற ஞாயிறு போலத்தான் என்று ஆகிவிடும். மகள் கேட்பது அடுக்கடுக்காக நெட் வைத்த ஃபிராக். வாங்குவதா, தைப்பதா? எளிமை என்றால் என்ன என்று எட்டு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது?

கோயில்பிள்ளை:
முதலில் அந்த நெட் ஃபிராக்கை மறந்துவிடுங்கள். எளிமைக்காக அல்ல, நெருப்புக்காக. பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டர் இரவுப் பூசையில், கோயில் விளக்குகளை அணைத்து, வெளியே மூட்டிய புது நெருப்பில் பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுதிரியை ஏற்றி உள்ளே கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து எல்லார் கையிலும் மெழுகுதிரி எரியும். இருட்டு, நெரிசல், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள். நைலான் நெட் சட்டென்று பற்றும், உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. உடம்போடு நிற்கிற பருத்தி உடுப்பு, தொங்காத கை, பின்னிக் கட்டிய தலைமுடி. நாலு வயதுக்காரி கையில் எரியும் திரி வேண்டாம், நீங்கள் பிடியுங்கள்.

பையனுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: எரிகிற திரியைச் சாய்க்கக் கூடாது, எரியாத திரியைத்தான் அதனிடம் சாய்க்க வேண்டும். எல்லாரும் தலைகீழாகச் செய்வதால்தான் மெழுகு பக்கத்துச் சேலையில் சொட்டுகிறது. தடித்த அட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி, நடுவில் கூட்டல் குறி போலக் கீறித் திரியைச் செருகினால் சொட்டு அதிலேயே நிற்கும். காகிதக் கப் வேண்டாம், திரி குறையும்போது விளிம்பு பற்றிக்கொள்ளும்.

திரி இரண்டு தடவை எரியும். தொடக்கத்தில் பாடும் பாஸ்கா புகழுரை முடிந்ததும் அணைத்து, திருமுழுக்கு (ஞானஸ்நான) வாக்குறுதியைப் புதுப்பிக்கும்போது மறுபடி ஏற்றுவார்கள். நடுவில் வாசகங்கள் நீளம். பழைய ஏற்பாட்டிலிருந்து மட்டும் ஏழு உண்டு, குறைத்தாலும் இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த வாசகத்தை விட முடியாது. சின்னவள் அங்கேதான் தூங்குவாள். மடியில் விரிக்க ஒரு துண்டு கொண்டுபோங்கள்.

தையல்கடை_பாளை:
தையுங்கள். பையனுக்கு அரைக்கை சட்டை என்றால் 36 அங்குல அகல வெள்ளை பாப்ளின் ஒன்றேகால் மீட்டர், மகள் கவுனுக்கு 44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன்னால் துணியைச் சும்மா தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். பாப்ளின் மீட்டருக்கு 3 முதல் 5 செ.மீ. வரை சுருங்கும். இதை விட்டுவிட்டுத்தான் ‘டெய்லர் குட்டையாகத் தைத்துவிட்டார்’ என்கிறார்கள்.

கவுன் கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் விடச் சொல்லுங்கள். உள்பக்கம் ஒரு அங்குலத்தில் ஒரு டக் (மடித்துத் தைப்பது) பிடித்தால், அடுத்த வருஷம் பிரிக்கும்போது இரண்டு அங்குலம் நீளம் கிடைக்கும். கலர்த் துணியில் பிரித்த இடத்தில் கோடு தெரியும், வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு ஈஸ்டர் ஓடும். கஞ்சி போட்டபடி பெட்டியில் வைக்காதீர்கள், மஞ்சளாகும், பூச்சி அரிக்கும். மார்ச் முதல் வாரத்துக்குள் துணியைக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் அவசரத் தையலில் டக் எல்லாம் காணாமல் போகும்.

மறைக்கல்வி_டீச்சர்:
ஈஸ்டருக்கு வெள்ளை என்பது கடைக்காரர் கண்டுபிடித்ததல்ல. ஆதித் திருச்சபையில் அந்த இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வெள்ளை அங்கி அணிந்து, அந்த வாரம் முழுக்க அதோடேயே கோயிலுக்கு வந்தார்கள். பணக்காரனும் அடிமையும் ஒரே மாதிரி அங்கியில் நின்றார்கள். புதுத்துணி அணிவகுப்பு வேறு கதை, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ ஈஸ்டர் ஊர்வலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம்.

பையனுக்கு பைபிளில் யாக்கோபு கடிதம் 2ஆம் அதிகாரம் தொடக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தல் உடுத்தவனுக்கு ‘நீ அங்கே நில்’. அங்கே யாக்கோபு திட்டுவது மோதிரக்காரனை அல்ல, இடம் கொடுத்தவர்களை. எட்டு வயதுக்கு இது நன்றாகவே புரியும். ‘நம்ம பெஞ்சில் யாரை உட்கார வைப்போம்?’ என்று கேளுங்கள். ஞானஸ்நானத்தில் போட்ட குட்டி வெள்ளைத் துணி வீட்டில் இருந்தால் அந்த வாரம் எடுத்துக் காட்டுங்கள். ‘எளிமையாக இரு’ என்று மட்டும் சொன்னால், எளிமையாக இல்லாத வகுப்புத் தோழனை எடைபோடத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

நாசரேத்_வாசி:
நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). பல சபைகளில் விடியுமுன்பே ஈஸ்டர் ஆராதனை, சில இடங்களில் கல்லறைத் தோட்டத்திலேயே. பனி, மண், நெருஞ்சி. பளபளப்பான ஷூ அங்கே உதவாது.

டீச்சர் சொன்னதில் ஒரு விஷயம் ஒப்பவில்லை. வெள்ளையும் பகட்டாகும். குடும்பமே ஒரே தானில் தைத்துப் போட்டோவுக்கு நிற்பது எந்தப் பட்டுக்கும் குறைந்ததல்ல. தர்மம் என்று நீங்களே சொல்கிறீர்கள், அதனால் துணிச் செலவைப் பிள்ளைகள் முன்னால் கணக்குப் போடுங்கள். மிச்சம் எவ்வளவு, அது எந்த உண்டியலுக்கு என்று பையனே எழுதட்டும். இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் அதே துணியில் அளவெடுத்துத் தைத்து, பெரிய வியாழனுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன்) முன்பே கொடுத்துவிடுங்கள். சொந்தப் பிள்ளைக்குப் புதுசு, ஏழைக்குப் பழசு என்ற கணக்கைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடும்.

தூத்துக்குடி_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் சேர்த்து மூன்று உடுப்புக்குத் துணி எடுக்கிறேன். மெழுகு பட்டுவிட்டால்?

தையல்கடை_பாளை:
மெழுகு இளகியிருக்கும்போது தேய்க்காதீர்கள், நூலுக்குள் இறங்கிவிடும். முழுக்க இறுகியதும் கரண்டிக் காம்பால் சுரண்டுங்கள். மேலும் கீழும் அச்சில்லாத காகிதம் வைத்து மிதமான இஸ்திரிச் சூடு, காகிதம் மெழுகைக் குடித்ததும் வேறு காகிதம் மாற்றுங்கள். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். மிச்சக் கறைக்கு வெந்நீரில் சோப்பு. சிவப்புத் திரி என்றால் மெழுகு போனாலும் சாயம் நிற்கும், அதனால் வெள்ளைத் திரியே வாங்குங்கள். கடைசி அலசலில் சொட்டு நீலத்தை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே துணியை முக்குங்கள். துணி மேலேயே சொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.