ப்ளூஸ் வாசிக்கும்போது கட்டைவிரல் மெட்டோடு ஓடுகிறது

வீடியோ பாடங்களைப் பார்த்து கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களால் மீட்டும்) ப்ளூஸ் பழகுகிறேன். ஈ கீ, 12 பார் (நாலு நாலு அடியாகப் பன்னிரண்டு பார் கொண்ட சுற்று). கட்டைவிரல் ஆறாவது கம்பியில் நாலு அடியும் சீராக விழவேண்டும், மெட்டு மெல்லிய கம்பிகளில். இரண்டும் ஒரே அடியில் வந்தால் சரியாக இருக்கிறது. மெட்டு இரண்டு அடிக்கு நடுவில் வந்தால் கட்டைவிரலும் கூடவே ஓடிவிடுகிறது. ஏ கார்டில் பேஸ் (கட்டைவிரலின் தாழ்ந்த சுரம்) ஐந்தாவது கம்பிக்கு மாறுவதால் இன்னும் மோசம்.

கிட்டார் யமஹா எஃப்310, வழக்கமான ட்யூனிங். தீபாவளியிலிருந்து இதே இடத்தில் நிற்கிறேன். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில், வீடியோ பாதி வேகம், தம்ப் பிக் (கட்டைவிரலில் மாட்டும் பிக்) எல்லாம் பார்த்தாயிற்று. கட்டைவிரல் மட்டும் என்றால் வாசித்துக்கொண்டே ஃபோனில் பேசக்கூட முடிகிறது (சிரிக்காதீர்கள்). முதல் கம்பியைத் தொட்டதும் போச்சு. பாடம் எடுப்பவரோ ‘தானாக வரும்’ என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

அந்த நடு அடியை மட்டும் பிரித்துப் பழக நீங்கள் என்ன பயிற்சி செய்தீர்கள்?