சான்றிதழ் கைக்கு வந்த முதல் வருடம்: உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

2000 மணி நேர ஃபீல்டுவொர்க், அப்புறம் நடத்தை ஆய்வாளர்களுக்கான பிசிபிஏ சான்றிதழ்த் தேர்வு. இரண்டையும் முடித்து வேலைக்குப் போனபோது இனி நானே பார்த்துக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். சேர்ந்த இடத்தில் முதல் வருடத்தை ரெசிடென்சி போல நடத்தினார்கள். கேஸ்கள் குறைவாகத் தருவார்கள், வாரத்தில் இரண்டு நாள் மூத்தவர் ஒருவர் என் செஷனில் வந்து உட்காருவார். 'இன்னுமா சூப்பர்விஷன்?' என்று உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

முதல் கேஸ், ஆறு வயதுப் பையன். பேச்சு வரவில்லை, தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். ஒரு செஷனில் எத்தனை முறை கடிக்கிறான் என்று நானும் அந்த மூத்த மேடமும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 14, அவருக்கு 9. சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்தால், எங்கள் எண்ணிக்கை ஒத்துப்போனது 64 சதவீதம்தான். குறைந்தது 80 வந்தால்தான் அந்தத் தரவை நம்பலாம் என்று படித்திருக்கிறோமே! கை வாய்க்குப் போனாலே நான் கணக்கில் சேர்த்திருக்கிறேன். பல் தோலில் அழுந்தினால்தான் அவர் சேர்த்திருக்கிறார். 'கடித்தல்' என்றால் எது என்று நான் எழுதிவைத்த வரையறையே தெளிவாக இல்லை. அன்று சாயங்காலம் மூன்று முறை திருத்தி எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் பையனைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். செஷன் முடிந்ததும் கேட்டார்: "கடிக்கிறதுக்கு முன்னாடி முழங்கையால படத்தை ஓரமாத் தள்ளுறானே, அப்போ நீங்க என்ன பண்றீங்க?" நான் குனிந்து ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் 'போதும்' என்று தனக்குத் தெரிந்த வழியில் சொல்லியிருக்கிறான். நான் கவனிக்காததால் கடித்திருக்கிறான். கடித்ததும் பாடத்தை நிறுத்தியிருக்கிறேன். அப்படியென்றால் கடித்தால்தான் நிற்கும் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

கார், டுராண்ட் இருவரின் 1985 ஆய்வைத் தேர்வுக்காக எத்தனை முறை படித்திருப்பேன்! தொந்தரவான நடத்தை செய்யும் அதே வேலையைச் செய்யும் ஒரு தொடர்புமுறையைக் கற்றுக்கொடு என்பதுதானே அது. ஆனால் அந்த முழங்கையை எனக்குக் காட்டியது அவர்தான். 'பிரேக்' அட்டையை அவன் கைக்கு எட்டும்படி வைத்தோம், தந்த உடனே நிறுத்தினோம். முதல் சில நாள் நான் கையைப் பிடித்துத் தரவைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு நாள் முழங்கை நகர ஆரம்பித்து, பாதியில் நின்று, விரல்கள் அட்டையைத் தேடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

•

எனக்கு நேர்மாறு. ரெசிடென்சி எதுவும் கிடையாது. சேர்ந்த முதல் வாரமே நிறைய குழந்தைகளை ஒப்படைத்துவிட்டார்கள். மாதம் ஒரு போன் கால், அதிலும் பாதி நேரம் பில்லிங் பேச்சு. ஒரு குழந்தைக்கு எக்ஸ்டிங்க்ஷன், அதாவது அந்த நடத்தைக்கு இதுவரை கிடைத்துவந்த பலனை நிறுத்துவது, ஆரம்பித்தோம். தொடக்கத்தில் நடத்தை அதிகமாகக்கூடும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. இரண்டாம் நாளே பயந்துபோய் நிறுத்திவிட்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தத் திட்டத்தை அனுபவமுள்ள ஒருவர் அஞ்சு நிமிஷம் பார்த்திருந்தால் "பெற்றோரிடம் பேசிட்டீங்களா?" என்று முதலில் கேட்டிருப்பார். இது இன்றும் உறுத்துகிறது.

•

நான் இப்போது மறுபக்கம், புதியவர்களோடு உட்காருகிறேன். சொல்லிக்கொடுப்பது, செய்துகாட்டுவது, செய்யவைப்பது, உடனே கருத்துச் சொல்வது என்ற நான்கையும் குழந்தைகளோடு வேலை செய்யும் டெக்னீஷியன்களுக்கு ஒழுங்காகச் செய்கிறோம். புதிய நடத்தை ஆய்வாளருக்கு மட்டும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறோம், அதுவும் மின்னஞ்சலில். பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்வதைக்கூட ஒத்திகை பார்க்கலாம். போன வாரம் நான் அப்பாவாக நடித்தேன். அந்தப் பெண் நாலு தடவை திணறி, ஐந்தாவது தடவை தரவு வரைபடத்தை மேஜையில் கவிழ்த்துவைத்துவிட்டு, "வீட்டுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார்.