வெளிநாட்டில் காது கேளாத குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சியைப் பார்த்தவர்கள்: நம்ம வேலூருக்கு எது ஆகும்?

காட்பாடி ஆடியாலஜி:
பார்க்கப் போறவங்க பெரும்பாலும் காது மெஷினையும் கட்டடத்தையும் போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. இங்கிலாந்துல காது கேளாதோர் ஆசிரியர் வீட்டுக்கே வருவாங்க. பார்க்க வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான். மனசை விட்டுப் போகாத காட்சி ஒண்ணு: குழந்தைக்கு ஏழு மாசம். ஆசிரியர் பொம்மையைத் தொடவே இல்லை. அம்மா ஸ்டெத்தோகிளிப்பைக் (மெஷின்ல வர்ற சத்தத்தைப் பெரியவங்க கேட்டுப் பார்க்கிற குழாய்) காதுல மாட்டி, குழந்தையோட மெஷினை முனையில பொருத்தி, "ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ்" சொல்லிக் கேட்டாங்க. இடது பக்கம் "ஸ்" வரவே இல்லை. டியூப்ல ஒரு துளி தண்ணி. ப்ளோயரால (காத்தடிக்கிற சின்ன ரப்பர் பம்பு) நாலு தடவை ஊதினதும் சரியாயிடுச்சு. மொத்தம் ரெண்டு நிமிஷம். அப்புறம் ஆசிரியர் வாஷிங் மெஷினை நிறுத்தச் சொல்லிட்டுத்தான் பேச ஆரம்பிச்சாங்க. நம்ம வீட்டுல அந்த இடத்துல டிவி, மிக்சி, ஃபேன்.

ராணிப்பேட்டை செவிலியர்:
மேடம், நீங்க சொல்றது மெஷின் மாட்டின பிறகு. நம்ம குழந்தை அங்க போய்ச் சேர்றதே கஷ்டம். 1 மாசத்துக்குள்ள காது பரிசோதனை, 3 மாசத்துக்குள்ள உறுதி, 6 மாசத்துக்குள்ள பயிற்சிங்கிற கணக்கு எல்லாருக்கும் தெரியும். பிறந்த முதல் 24 மணி நேரத்துல காதுக்குள்ள மாவும் நீரும் இருக்கலாம், அதனால ஓ.ஏ.ஈ. (காதுக்குள்ள சத்தம் விட்டுப் பார்க்கிற முதல் டெஸ்ட்) "ரெஃபர்"னு, அதாவது மறுபடி பார்க்கணும்னு காட்டலாம். திரும்ப வரச் சொல்லி அனுப்புவாங்க. பதிவேட்டுல இருக்கிறது புருஷன் வீட்டு விலாசம், பொண்ணு போறது அணைக்கட்டுல அம்மா வீட்டுக்கு. யாரும் கூப்பிட மாட்டாங்க. அமெரிக்காவுல பரிந்துரை வந்த 45 நாளுக்குள்ள குடும்பத்தோட உட்கார்ந்து திட்டம் போட்டாகணும், அதுக்குன்னு ஒரு ஒருங்கிணைப்பாளரும் இருப்பார். அங்க போறவங்க கேக்க வேண்டிய கேள்வி, "ரெஃபர் ஆன குழந்தைக்கு யார் போன் பண்றாங்க?" இங்க பாட்டியோட போன் நம்பரையும் எழுதி வாங்குங்க. இன்குபேட்டர்ல இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை ரொம்ப ஏறின குழந்தைக்கும் ஓ.ஏ.ஈ. பாஸ் ஆனாலும் விடாதீங்க. காது நரம்புக் கோளாறை அது காட்டாது, பெரா (குழந்தை தூங்கும்போது தலையில எலக்ட்ரோடு ஒட்டி காது நரம்பைப் பார்க்கிற டெஸ்ட்) எடுக்கணும்.

குடியாத்தம் அப்பா:
யாரும் கேக்கலன்னாலும் சொல்லிடறேன். வெளிநாட்டுச் சொந்தக்காரங்க கிட்ட மெஷின் வாங்கி வரச் சொல்லாதீங்க. வாரண்டி இங்க செல்லாம போகலாம், புரோகிராம் பண்ண சாஃப்ட்வேர் வெச்சிருக்கிற ஆள் பக்கத்துல இல்லாம போகலாம். ப்ளோயரும் ஸ்டெத்தோகிளிப்பும் வாங்கி வரச் சொல்லுங்க.

முதல் வருஷம் காது வேகமா வளரும். மோல்டு (காது அளவுக்குச் செஞ்சு மெஷினோட மாட்டுற அச்சு) ஒண்ணு ரெண்டு மாசத்துலயே லூசாயிடும். பால் குடுக்கும்போது கை பக்கத்துல பட்டா மெஷின் கீன்னு கத்தும். கத்துதேன்னு சவுண்டைக் குறைச்சா குழந்தைக்குக் கேக்காது. புது மோல்டுதான் வழி. மோல்டை மட்டும் கழட்டி சோப்புத் தண்ணியில கழுவி, டியூபை ஊதிக் காய வைங்க. நம்ம ஊர் வெயில்ல வியர்வைதான் எதிரி. ராத்திரி பேட்டரியை எடுத்துட்டு, மெஷினை சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பாவுல வைங்க. பேட்டரியையும் சேர்த்துப் போட்டா அது காய்ஞ்சு சீக்கிரம் போயிடும். புது பேட்டரி ஸ்டிக்கரை எடுத்துட்டு ஒரு நிமிஷமாவது வெளிய வெச்சு அப்புறம் மூடுங்க. பேட்டரிக் கதவுக்குப் பூட்டு கேட்டு வாங்குங்க. குழந்தை பேட்டரியை முழுங்கிட்டா காலைல பார்க்கலாம்னு இருக்காதீங்க, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

ஆம்பூர்க்காரர்:
மூணு பேரும் மெஷினைப் பத்தியே பேசறீங்க. சுவீடன்ல பெற்றோருக்கு 240 மணி நேரம் சைகை மொழி கத்துக்க உரிமை இருக்கு. மெஷினும் கையும் சேர்ந்தே போகலாம். ஆனா அமெரிக்க சைகை எழுத்து அட்டையை வாங்கி வந்து சுவத்துல ஒட்டாதீங்க. அதுல எழுத்தை ஒரு கையால காட்டுவாங்க. இந்திய சைகை மொழி எழுத்துக்கு ரெண்டு கை, பிரிட்டிஷ் மாதிரி. குழந்தை நாளைக்குப் பழகப் போறது நம்ம ஊர்க் காது கேளாதவங்களோட.

காட்பாடி ஆடியாலஜி:
ஆம்பூர் சார் சொல்றதை ஏத்துக்கறேன். ராணிப்பேட்டை மேடத்துக்கு ஒண்ணு: குழந்தையைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தாலும் பெரா அன்னைக்கே பாதி பேர் திரும்பிப் போறாங்க. திருப்பத்தூர்ல இருந்து பஸ்ல வர்ற குழந்தை வழி முழுக்கத் தூங்கிட்டு, டெஸ்ட் மேஜையில முழிச்சுப் பார்க்கும். விடிகாலைல எழுப்பிடுங்க, பஸ்ல தூங்க விடாதீங்க, பாலை இங்க வந்து குடுங்க. முந்தின நாளே தலையை அலசிடுங்க. நெத்தியில எண்ணெய் இருந்தா எலக்ட்ரோடு ஒட்டாது.