14ஆம் ஃபிரெட்டுக்கு மேல் இருப்பதெல்லாம் அலங்காரமா?

கம்பிக்காரன்:
கிட்டார் வாங்குவது பற்றிய இழையில் நேற்று ஒரு மேதை எழுதியதைப் படித்துவிட்டு இரவுச் சோறு இறங்கவில்லை. “தோள் குடைந்த கட்அவே கிட்டாரையே வாங்குங்கள். சாதாரண அக்கூஸ்டிக்கில், கழுத்து பெட்டியோடு சேரும் இடத்துக்கு மேல் உள்ள ஃபிரெட்டெல்லாம் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) வெறும் அலங்காரம்.” முதல் கிட்டார் வாங்க வந்த ஒரு பையனுக்கு இந்த உபதேசம்! என்னிடம் இருப்பது கட்அவே இல்லாத, பெரிய பெட்டி கொண்ட டிரெட்நாட் வகைக் கிட்டார். 19 ஆண்டுகளாக அதில் முதல் கம்பியின் 15ஆம் ஃபிரெட்டில் மேல் ஜி ஸ்வரம் வாசிக்கிறேன். அதுவும் அலங்காரமோ?

தெம்பனிஸ்வாசி:
அந்த மேதை நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 14இல் கழுத்து முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் உள்ளங்கை பெட்டியின் தோளில் இடிக்கும், கட்டைவிரலுக்குப் பிடிமானம் இருக்காது. விரலை நீட்டி ஒரே ஒரு ஸ்வரத்தை எட்டிப் பிடிப்பது வாசிப்பு என்றால், நிற்காமல் போகிற பஸ்ஸைத் தட்டிப் பார்ப்பதும் பயணம்தான்.

கம்பிக்காரன்:
பஸ் போகட்டும். 15இல் ஜி வருமா, வராதா?

நைலான்நேசன்:
கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்து 12இலேயே பெட்டியோடு சேர்ந்துவிடுகிறது. நாங்கள் கட்டைவிரலைக் கழுத்தின் பின்னாலிருந்து எடுத்து, விரல்பலகையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, 19 வரை போகிறோம். ஆரம்பத்தில் தோள்பட்டை வலிக்கும், பிறகு பழகிவிடும். எஃகுக் கம்பியா நைலானா, ஒற்றை ஸ்வரமா, பல ஸ்வரம் சேர்ந்த முழு கார்டா என்று இருவரும் முதலில் சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற பேச்சு இது.

கம்பிக்காரன்:
நான் கேட்டது 15ஆம் ஃபிரெட்டைப் பற்றி. நைலான் கதையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெம்பனிஸ்வாசி:
வரலாறு தெரிந்தவர் போலப் பேசுகிறாரே, இதற்கும் பதில் சொல்லட்டும். 1929இல் கிட்டார் செய்யும் மார்ட்டின் நிறுவனம் ஓஎம் என்ற வகைக் கிட்டாரில் கழுத்து சேரும் இடத்தை 12இலிருந்து 14க்கு நகர்த்தியது. பாஞ்சோ வாசித்துப் பழகிய பெர்ரி பெக்டெல் கேட்டுக்கொண்டதால் வந்த மாற்றம் அது. பெட்டிக்கு மேலேயும் சௌகரியமாக வாசிக்க முடிந்திருந்தால் அவர் எதற்காகக் கேட்டார்?

கம்பிக்காரன்:
நல்லது. 14 வரை சௌகரியம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். 15 அதற்கு அடுத்த வீடு. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட டாக்சி பிடிப்பவர் நீங்களாகத்தான் இருக்கும்.

தெம்பனிஸ்வாசி:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை! கீழே முதல் ஃபிரெட் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர். 13ஆவதுக்கு வரும்போது அது சரிபாதி, 18. விரல் மட்டும் அதே பருமன். அங்கே ஒரு டி கார்டு பிடித்து ஒலிப்பதிவைப் போடுங்கள், கேட்போம்.

கம்பிக்காரன்:
கார்டு என்று நான் எங்கே சொன்னேன்? ஜி. ஒரே ஒரு ஜி. 15.

மரத்தூள்:
இருவரும் காற்றின் ஈரத்தை மறந்துவிட்டீர்கள். நம் சிங்கப்பூரில் ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். கிட்டார் கேட்பதோ 45 முதல் 55. என் கிட்டாரை இரண்டு ஆண்டுகள் உறையில் போடாமல் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். மேல்பலகை ஈரம் குடித்து, கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜுக்குப் பின்னால் தொப்பை போட்டுவிட்டது. 12ஆம் ஃபிரெட்டின் மேல் ஒரு வெள்ளி நாணயத்தையும் அதன் மேல் பத்துக் காசையும் வைத்தேன். ஆறாம் கம்பி இரண்டையும் தொடவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தினால் கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். அப்போது 15இல் கேட்பது ஜி அல்ல, ஜிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். சரி செய்யக் கொடுத்தால், ஒரு கடைக்காரர் கழுத்துக்குள் இருக்கும் கம்பியை மட்டும் முறுக்கிவிட்டு 180 வெள்ளி வாங்கிக்கொண்டார். தொப்பை அப்படியே இருக்கிறது.

கம்பிக்காரன்:
என் கிட்டார் உறைக்குள் ஈரம் உறிஞ்சும் பையோடு இருக்கிறது. தொப்பை எனக்குத்தான், அதற்கு இல்லை. என் 15 சுத்தமான ஜி.

தமிழ்மெட்டு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஃபிரெட், ஃபிரெட் என்று எத்தனை முறை? வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றனவே, மெட்டு என்று எழுதினால் கை வலிக்குமா?

கம்பிக்காரன்:
ஐயா, வீணை மெட்டு மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது, இது மரத்தில் அடித்து இறக்கியது. தவிர, “15ஆவது மெட்டில் வாசித்தேன்” என்று நான் எழுதினால் யாரோ 15 பாட்டுக்கு இசையமைத்ததாகத்தான் படிப்பார்கள். போன முறையும் கேப்போவுக்கு (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கவ்வி) தமிழ் தேடுகிறேன் என்று வந்து இழையையே மூட வைத்தவர் நீங்கள்.

தமிழ்மெட்டு:
அந்த இழை மூடப்பட்டது உங்கள் வாய்த்துடுக்கால். அனைவரும் அறிவர்.

தெம்பனிஸ்வாசி:
கேப்போ என்றதும் நினைவு வருகிறது. “கேப்போ சோம்பேறிகளின் கருவி” என்று அந்த இழையில் முழங்கிய கம்பிக்காரன், அதே வாரம் “பழைய கேப்போ யாரிடமாவது இருக்கிறதா” என்று விற்பனைப் பகுதியில் கேட்டிருந்தார். தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பிக்காரன்:
அது என் மருமகனுக்கு! பேச்சை மாற்றாதீர்கள். 15ஆம் ஃபிரெட்டைத் தொட முடியும் என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

தெம்பனிஸ்வாசி:
தொட முடியும். வாசிக்க முடியாது.

கம்பிக்காரன்:
பாருங்கள், தொட முடியும் என்று எழுதிவிட்டார்!

நைலான்நேசன்:
ஒற்றை ஸ்வரமா, கார்டா? கடைசியாகக் கேட்கிறேன்.

கம்பிக்காரன்:
எழுதிப் பயனில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குக் கிட்டாரோடு வருகிறேன். தெம்பனிஸுக்குப் பக்கம்தான், நேரில் வந்து காதால் கேட்டுப் போகட்டும்.

மரத்தூள்:
கடற்காற்றிலா? எஃகுக் கம்பியை ஒரே மாலையில் துருப்பிடிக்க வைக்கப் போகிறீர்கள்.

தெம்பனிஸ்வாசி:
சனிக்கிழமை மகளுக்குத் துணைப்பாட வகுப்பு. ஞாயிறு என்றால் பார்க்கலாம்.

கம்பிக்காரன்:
ஞாயிறு எனக்கு முடியாது. வரப் பயந்துவிட்டார் என்று குறித்துக்கொள்கிறேன். 15. ஜி.